ஓடப் பழகிய குதிரைக்கு நடை பழக்குதல்

செங்கலடிச் சந்தியில் திரும்பும் பதுளை வீதி மகாஓயா, பிபிலை, பதுளை என்று ஏறி ஏறி நுவரெலியாவுக்குக் கொண்டுபோய் விடுகிறது. பாடசாலை விடுமுறையில் நம் வாவிக்கரைக் குடும்பங்கள் பல அந்த வழியால் போய் வருகின்றன. அங்கே கிரெகரி வாவிக் கரையில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிப் படம் பிடிப்பதும் வழக்கம். அந்தக் குதிரைகளுள் ஒரு காலத்தில் பந்தயத் திடலில் ஓடியவையும் உண்டு என்பதை அறிவீர்களா, சகோதரிகளே?

பந்தயத்தில் பணம் கட்டுவது நமக்கு ஹராம். அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் குதிரை சூதாடவில்லையே! இரண்டு வயதில் ஓட ஆரம்பிக்கும் அது, பெரும்பாலும் ஏழெட்டு வயதுக்குள் திடலை விட்டு விலக்கப்படுகிறது. நன்றாகப் பராமரித்தால் 25 வயது வரையும் வாழக்கூடிய பிராணி. மிச்சமுள்ள வருடங்களுக்கு என்ன வழி? வேலை தெரியாத குதிரைக்குத் தீனி போட முன்வருபவர் மிகக் குறைவு. ஆகவே அதற்குப் புதிதாக ஒரு வேலையைப் பழக்க வேண்டியிருக்கிறது.

இந்த இனத்தின் மூலமும் நமக்குத் தெரிந்த ஊர்தான். 1704-இல் ஷாம் தேசத்து ஹலப் நகரிலிருந்து ஓர் அரபுக் குதிரை இங்கிலாந்துக்குப் போயிற்று. டார்லி அரேபியன் என்று பெயர். இன்றைய பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் தந்தைவழி அதில்தான் போய் முடிகிறது.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவிலும் குதிரை ஓட்டம் நடந்தது. பயிற்றப்பட்ட குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரையும், பயிற்றப்படாதவை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையும் ஓடின. இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். அந்தப் பயிற்சிக்குத் ‘தழ்மீர்’ என்று பெயர். முதலில் கொழுக்க வைத்து, பிறகு தீனியைக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்க வைத்து உடலை இறுக்குவார்கள். பந்தயத்தை விட்ட குதிரைக்கோ இதன் மறுபக்கம் வேண்டும். இறுகியதைத் தளர்த்த வேண்டும். தானியத்தைக் குறைத்து, புல்லை நிறையக் கொடுத்து, சில வாரமோ சில மாதமோ மேய விடுகிறார்கள். ஓட்டக் குதிரைகளில் அநேகத்துக்கு இரைப்பையில் புண் இருக்கும். புல்லும் ஓய்வும் அதற்கும் நல்லது.

பிறகுதான் ஏறுவது. சிக்கலும் இங்கேதான். ஜொக்கி என்பவர் குட்டையான அங்கவடியில் காலை ஊன்றி, சேணத்தில் உட்காராமல் குனிந்து நிற்பவர். ஒருவர் முழுப் பாரத்தோடு முதுகில் அமர்வதும், இரு பக்கமும் நீளமாகக் கால் தொங்குவதும் இந்தக் குதிரைக்கு அவ்வளவு பழக்கமில்லை. இன்னொன்று: பாய்ந்து ஓடும்போது ஜொக்கி கடிவாள வாரை இறுக்கிப் பிடித்திருப்பார், அந்தப் பிடியில் வாயைச் சாய்த்துக்கொண்டே அது ஓடும். எனவே வார் இறுகினால் ‘ஓடு’ என்றே அது விளங்கி வைத்திருக்கிறது.

இப்போது புதிதாக ஏறியவரை எண்ணிப் பாருங்கள். குதிரை சற்று விரைகிறது. அவருக்குப் பயம். முழங்காலை இடுக்குகிறார், முன்னே குனிகிறார், வாரை இழுக்கிறார். மூன்றும் ஜொக்கியின் வேலை! குதிரை சொல் கேட்டு இன்னும் வேகமாகப் போகிறது. அதற்குக் கிடைக்கும் பெயர் ‘முரட்டுக் குதிரை’.

நம் பிள்ளைகள் சைக்கிள் பழகியதை நினைத்துக்கொள்ளுங்கள். ஹாண்டிலை இறுக்கிப் பிடித்து, முன்சில்லையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைதான் வேலியில் போய் விழும். சீட்டைப் பிடித்துப் பின்னால் ஓடிவரும் வாப்பா, “நேரே பார் மகள், கையைத் தளர்த்து” என்பார். குதிரையேற்றம் கற்பிப்பவர் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். பக்கத்திலிருந்து பார்த்தால் ஏறியவரின் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பார்வை குதிரையின் காதுகளைத் தாண்டித் தூரத்தில். முழங்கை மடிந்து இலகுவாக. பாரம் முழங்காலில் தங்காமல் குதிகாலுக்கு இறங்கட்டும். மூச்சை அடக்கக் கூடாது. நீளமாக விட வேண்டும். குதிரையை மெதுவாக்க வேண்டுமா? முதலில் தன் இடுப்பை அமைதியாக்கி நிமிர்ந்து உட்கார வேண்டும். அப்புறம் விரல்களைச் சற்றே இறுக்கி, அது தளர்ந்த அக்கணமே விட்டுவிட வேண்டும். அந்த விடுதல்தான் குதிரைக்குக் கூலி. இழுத்தபடியே இருந்தால் அதற்கு ஒன்றும் விளங்காது.

இந்த இருப்பு ஒரு நாளில் வராது. அதனால்தான் புதியவரை வயதான, அமைதியான குதிரையில் ஏற்றி, நீண்ட கயிற்றில் வட்டமாக நடத்தி, கையில் வாரே கொடுக்காமல் பழக்குகிறார்கள். பந்தயத்தை விட்ட குதிரையையும் புதிதாகப் படிப்பவரையும் சோடி சேர்ப்பது ஆபத்து. எழுத்துக் கூட்டத் தெரியாத இருவரைப் பக்கத்தில் இருத்தி ஒருவருக்கொருவர் ஓதிக் கொடுக்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதை மதரஸாவில் நான் பார்த்திருக்கிறேன்.

ஓடும் குதிரைக்குக் கடைசியாகப் பிடிபடும் பாடங்களில் ஒன்று நிற்பது. ஜொக்கியை, நடந்துகொண்டிருக்கும் குதிரையின் மேலேயே ஒருவர் காலைப் பிடித்துத் தூக்கிவிடுவதுண்டு. ஆள் ஏறும்போது அசையாமல் நிற்க வேண்டும் என்று பல குதிரைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டதே இல்லை. அடுத்த தடவை நுவரெலியா போனால், பிள்ளையை ஏற்றுமுன் இதைக் கவனியுங்கள். வார் தளர்ந்திருக்கக் குதிரை தானாக நிற்கிறதா, இல்லை இரண்டு பேர் இழுத்துப் பிடித்து நிறுத்துகிறார்களா? இரண்டாவதானால் பிள்ளை கீழேயே நின்று கழுத்தைத் தடவிக் கொடுக்கட்டும். படத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.