உங்களுக்குத் தெரியுமா? தொற்றுக்கும் ஒரு காலக்கணக்கு உண்டு!

மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் தரப்படுகின்றன. அதனால் கிருமிகள் எளிதில் தொற்றும். ஆனால், அவை கண்டபடி வருவதில்லை. சிறுநீரக மாற்று நோயாளிகளிடம் அவற்றுக்கு ஒரு கால ஒழுங்கு உண்டு என 1981-இல் விளக்கினர், பாஸ்டன் மருத்துவ ஆய்வாளர் ராபர்ட் ரூபினும் அவர் குழுவினரும்.

• முதல் மாதம்: அறுவைக் காயம், மருத்துவமனைச் சூழல் வழியே வரும் தொற்றுகள்.

• 1 முதல் 6 மாதம் வரை: சைட்டோமெகலோ வைரஸ், நியூமோசிஸ்டிஸ் பூஞ்சை போன்றவை தலைதூக்கும் காலம்.

• அதன் பின்: பெரும்பாலோருக்கு, ஊரில் எல்லோருக்கும் வரும் ஃப்ளூ, நிமோனியா போன்றவை.

எந்த மாதத்தில் எதற்குத் தடுப்பு மருந்து தருவது என்று திட்டமிட இந்தக் கணக்கு இன்றும் கைகொடுக்கிறது. கோட்ரைமாக்சசோல் என்ற எளிய மாத்திரையே நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவைப் பெருமளவு தடுத்துவிடுகிறது!