சாலியின் சட்டத்துக்குள் வேறொரு எஞ்சின்

மோட்டார் சைக்கிள் திருத்துவது ஆண்களின் வேலை என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். கராஜுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, நிழலில் ஒதுங்கி நின்று, கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று கேட்பதில்லை. பனிச்சங்கேணியில் இறால் வாங்கி வாழைச்சேனைக்கும் ஓட்டமாவடிக்கும் கொண்டுபோய் விற்கும் எனக்கு அப்படி இருக்க முடியவில்லை. சைக்கிள் ஒரு நாள் நின்றால் பெட்டியில் உள்ள இறால் கெட்டுவிடும். அந்த நட்டத்தை எனக்கு யாரும் தரப்போவதில்லை. அதனால் என் சாலிக்கு எஞ்சின் மாற்றிய கதையைக் கொஞ்சம் விபரமாகவே எழுதுகிறேன்.

ஹொண்டா சாலியை நம் பகுதிப் பெண்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சின்னச் சில்லு, தாழ்ந்த இருக்கை, கால் தூக்கிப் போடாமல் சேலையோடு ஏறலாம். கையால் பிடிக்கும் கிளச் இல்லை. காலால் கியரை மிதித்தால் போதும். ஸ்கூட்டிகள் வருவதற்கு முன் ஆசிரியைமார், மருத்துவமாதுமார் பலர் ஓடியது இதில்தான். என்னுடையது 50 சீசீ. என் கணவர் இருந்த காலத்தில் வாங்கியது.

2006 கடைசியிலும் 2007 ஜனவரியிலும் வாகரைப் பகுதியை விட்டு நாங்கள் வெளியேறியபோது அதைக் கொண்டுபோக முடியவில்லை. பெற்றோல் இல்லை, பாதையும் இல்லை. கண்டல் பற்றைக்குள் சாய்த்து, மேலே கிடுகைப் போட்டு மூடிவிட்டுப் பிள்ளைகளோடு நடந்தேன். 2007 இல் திரும்பி வந்து பார்த்தபோது அது அங்கேயே கிடந்தது. வீட்டில் கூரை இல்லை, கதவு இல்லை. சாலி மட்டும் இருந்தது. அவரும் இல்லாத வீட்டில் அதைக் கண்டபோது எனக்கு அழுகை வந்தது. ஆனால் வாவியின் உப்புத்தண்ணீர் அதன் அடியில் தன் வேலையைச் செய்திருந்தது. கழுவி, எண்ணெய் மாற்றி, இன்னும் 14 வருடம் ஓடினேன். 2021 இல் எஞ்சின் புகை கக்கத் தொடங்கியது. ரெஜிபோம் பெட்டியில் ஐஸும் இறாலுமாக ஏற்றினால் பாலத்து ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது.

புதிதாக ஒன்று வாங்கலாம்தானே என்று பலர் சொன்னார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய ஸ்கூட்டியின் விலைகூட எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. லீசிங்கில் எடுக்கலாம் என்றாள் என் மச்சாள். நுண்கடன்காரர் வாசலில் வந்து நின்றதைப் பார்த்தவள் நான். இன்னொரு கடன் அட்டையை வீட்டுக்குள் எடுக்க எனக்கு மனமில்லை.

எஞ்சின் மாற்றலாம் என்று சொன்னது, சின்னக் கராஜ் வைத்திருக்கும் ஒரு தம்பி. அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. ஹொண்டா நிறுவனம் 1958 இல் சுப்பர் கப் என்ற சைக்கிளைச் செய்தது. கடையிலிருந்து சாப்பாடு கொண்டுபோகிற பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் எண்ணம். கைக் கிளச் இல்லாமல் போனது அதனால்தான். 2017 இல் அந்தச் சைக்கிளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. நம் ஊரில் ஓடும் சி 50, சி 70, சி 90 எல்லாம் அந்தக் குடும்பம். சாலிக்குள் இருப்பதும் அதே குடும்பத்து எஞ்சின்தான். படுத்த மாதிரி இருக்கும் அந்த எஞ்சினைச் சட்டத்தோடு பிடிப்பது பின்பக்கத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு நீளமான போல்ட்கள் மட்டுமே. 50 இன் எஞ்சினைக் கழற்றிய இடத்தில் 70 இன் எஞ்சின் உட்காரும். 90 நீளம் கூடியது. முன்பக்கம் இடிக்குமா என்று அளந்து பார்த்துத்தான் தொட வேண்டும்.

இப்போதைய ஸ்கூட்டிகளில் இப்படிச் செய்வது லேசில்லை. ஸ்கூட்டி பெப், டியோ போன்றவற்றில் எஞ்சினும் பெல்ட்டும் பின்சில்லும் ஒரே துண்டாக இருக்கும். அந்தத் துண்டு முழுவதும் சட்டத்தில் தொங்கிக்கொண்டு மேலும் கீழும் ஆடும். வேறு எஞ்சின் போடுவதானால் தொங்கும் இடத்தின் அகலம், பின் சொக்கப்சரின் நீளம், சில்லின் நேர் எல்லாமே மாறும். ஒரு விரல் அகலம் பிசகினாலும் சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கும். "அக்கா, ஸ்கூட்டி எண்டா நான் தொட்டிருக்க மாட்டன்" என்றார் தம்பி.

எஞ்சின் தேடியது தனிக் கதை. ஒரு இடத்தில் சீன 125 எஞ்சின் காட்டினார்கள். அதே இரண்டு போல்ட்டில் உட்காரும், விலையும் பரவாயில்லை. ஆனால் என் சாரதி அனுமதிப்பத்திரம் ஏ1. அதில் 100 சீசீ வரைதான் ஓடலாம். அதற்கு மேல் ஓட ஏ வேண்டும். இன்னொரு கடையில் இலக்கத்தை அரத்தால் உரசிய எஞ்சின் ஒன்றைக் குறைந்த விலைக்குத் தர வந்தார்கள். இலக்கம் இல்லாத எஞ்சின் யாரோ ஒருவரின் களவுபோன சைக்கிளாகத்தான் இருக்கும். சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில் புத்தகத்தில் ஒரு இலக்கம், எஞ்சினில் ஒரு இலக்கம் என்றிருந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். இன்று சாவடி இல்லை. ஆனாலும் விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது அந்த இலக்கத்தைத்தான். கடைசியில் சட்டம் உக்கிப்போன ஒரு சி 70, பதிவுப் புத்தகத்தோடு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. விற்றவரிடம் கடிதமும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு போல்ட் வேலைதானே என்று நினைத்துப் போனால் உண்மையான வேலை சட்டத்தில்தான் இருந்தது. சாலியின் சட்டம் குழாய் அல்ல, அழுத்தி வளைத்த தகடு. வெளியே பெயின்ற் நன்றாக இருக்கும். உள்ளே உப்பு தின்றிருக்கும். தம்பி சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தார். நல்ல தகடு கணீர் என்கிறது, உக்கிய இடம் மந்தமாகச் சத்தம் தருகிறது. போல்ட் போகும் துளைகள் அதிர்ந்து அதிர்ந்து முட்டை வடிவமாகியிருந்தன. அப்படியே போல்ட்டை இறுக்கினால் எஞ்சின் ஆடும். எஞ்சினின் காது அலுமினியம், ஆட ஆட அது வெடித்துவிடும்.

உக்கிய தகட்டை வெட்டி எடுத்து, மூன்று மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் புதுத் துளை போட்டார். அதை ஒட்டிய முறையை நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். உள்ளுக்கு ஒன்றும் இல்லாத என் பழைய எஞ்சின் கூட்டை இரண்டு போல்ட்டிலும் மாட்டி, தகடு தானாக நேரான இடத்துக்கு வந்த பிறகு பொட்டுப் பொட்டாக நாலு இடத்தில் வெல்டிங் வைத்தார். பிறகு கூட்டைக் கழற்றிவிட்டு முழுவதும் ஒட்டினார். நல்ல எஞ்சினை மாட்டிக்கொண்டு ஒட்டினால் சூட்டில் எண்ணெய் சீல் கருகிவிடும். பற்றரியையும் முதலே கழற்றி வைத்தார். ஒட்டின இடத்தை அரத்தால் அழகாக்கப் போனவரை நான்தான் தடுத்தேன். அழகுக்கு உரசினால் ஒட்டும் மெலியும்தானே! சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். கடைசியாக உள்ளேயும் வெளியேயும் துருத் தடுக்கும் பெயின்ற் பூசினோம்.

மற்றவை சின்ன வேலைகள். காபரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் வளைகுழாய் சட்டத்தில் முட்டியது; அதை மாற்றினோம். செயின் நேராக ஓடுகிறதா என்று பின்பல்லிலிருந்து முன்பல்லுக்கு நூல் பிடித்துப் பார்த்தோம். என் சாலி 6 வோல்ட், வந்த எஞ்சின் 12 வோல்ட். பழைய பல்ப்பை அப்படியே விட்டால் முதல் நாளே கருகும். பல்ப், ஹோர்ன், பற்றரி மூன்றும் மாற வேண்டியதாயிற்று. முன்பல்லில் ஒரு பல் கூட்டினால் வேகம் கூடும் என்றார் தம்பி. எனக்குத் தேவை வேகம் அல்ல, பாரம் இழுப்பது, வேண்டாம் என்றேன். பிரேக்கில் மட்டும் நான் காசு பார்க்கவில்லை. இரண்டு சில்லுக்கும் புது பிரேக் சூ போட்டு, கேபிளும் மாற்றினோம். 50 க்காகச் செய்த பிரேக்கில் 70 ஓடுகிறது, அதன்மேல் இறால் பெட்டி வேறு.

எல்லாம் சேர்த்து, அன்று கேட்ட பழைய ஸ்கூட்டியின் விலையில் நாலில் ஒரு பங்கும் போகவில்லை. சீட்டுக் காசு கைகொடுத்தது. எஞ்சின் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புது இலக்கத்தைப் பதிய வேண்டும். அந்த அலைச்சல் எஞ்சின் வேலையைவிட நீளம். இரண்டு புத்தகங்களும் கையில் இருந்ததால் முடிந்தது. இடப்பெயர்வில் புத்தகத்தைத் தொலைத்த சகோதரிகள், எஞ்சினைத் தொடுவதற்கு முன் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். வேலை முடிந்த பிறகு போனால் சிக்கல் இரண்டாகும்.

அடுத்த வருடமே பெற்றோல் தட்டுப்பாடு வந்தது. 2022 ஜூலையில் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். அதற்குப் பதிய செஸி இலக்கம் கேட்டார்கள். சட்டம் பழையதுதான் என்பதால் எனக்குத் தடை வரவில்லை. அந்த 4 லீற்றரில் மூன்று தடவை சந்தைக்குப் போய்வந்தேன்.

அந்த நாட்களில் சிலர் மண்ணெண்ணெய் கலந்து ஓடலாமா என்று கேட்டார்கள். 1990 களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் ஓடினார்கள். எஞ்சினை எழுப்பக் கொஞ்சம் பெற்றோலைப் பீய்ச்சி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். வீதியெல்லாம் புகையும் மணமும். ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல லேசில் ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், பிஸ்டன் வளையம் தேயும். அன்று அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நான் செய்யவில்லை, வாரத்தில் மூன்று நாள் போதும் என்று இருந்துவிட்டேன்.

இப்போது ஒட்டின தகட்டைச் சுற்றி மெல்லிய துருக்கோடு ஒன்று தெரிகிறது. வாவிக் காற்றுக்கு அது வராமல் இருக்காது. மாரி தொடங்குவதற்கு முன் உரசி மறுபடி பெயின்ற் அடிக்க வேண்டும். அதை நானே செய்வேன். கம்பித் தூரிகை வாங்கி வைத்திருக்கிறேன்.