அறியாமைக்கு எத்தனை பெயர்?

"அறிவு" என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் யாது? பள்ளிப் பிள்ளை எதுவும் தயங்காமல் "அறியாமை" என்று விடை கூறிவிடும். மார்க்கும் கிடைத்துவிடும். ஆனால் நம் முன்னோர் அந்த ஒரு சொல்லோடு திருப்தி அடையவில்லை.

திருவள்ளுவர் கல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார், பேதைமைக்கு ஒன்று, புல்லறிவாண்மைக்கு வேறொன்று. படிக்காதவன் ஒருவன், தனக்கு நன்மை எது, தீமை எது என்று தெரியாதவன் மற்றொருவன், அற்ப அறிவை வைத்துக்கொண்டு தன்னைப் பேரறிவாளனாக எண்ணிச் செருக்குகிறவன் மூன்றாமவன். மூவரையும் ஒரே பெயரால் அழைப்பது நியாயமாகுமா?

இதனினும் நுட்பமான கணக்கு மணிமேகலையில் இருக்கிறது. சீத்தலைச் சாத்தனாரின் அக்காப்பியத்தை டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1898-ல் பதிப்பித்தார். அதன் 27-ஆம் காதையில், வஞ்சி மாநகரில் மணிமேகலை பல சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அவர்களுள் அளவைவாதி என்பவன், அறிவு பிழைபடும் வழிகள் எட்டு என்று எண்ணிச் சொல்கிறான்.

அவற்றுள் சிலவற்றைக் காண்போம். பளபளக்கும் கிளிஞ்சலை வெள்ளி என்று கொள்வது திரியக்கோடல். எதிரே நிற்பது கட்டையோ, மனிதனோ என்று மயங்குவது ஐயம். ஆராயாமலே அதை மனிதன் என்று முடிவு கட்டுவது தேராது தெளிதல். புலியைக் கண்ணால் கண்டும் புலி என்று உணராதிருப்பது கண்டுணராமை. முயற்கொம்பு போல இல்லாத பொருளைப் பேச்சில் மட்டும் வழங்குவது இல்வழக்கு. பிறர் சொன்னார் என்பதற்காகக் காரணமின்றி ஒன்றைக் கருதுவது நினைப்பு.

மங்கிய மாலையில் எங்கள் மத்திகிரிக் கால்நடைப் பண்ணையின் ஓரமாக நடப்பவர், தொலைவில் ஒரு வேலிக்காலைக் கண்டு, "யாரோ நிற்கிறாற்போல் இருக்கிறதே!" என்றால் அது ஐயம். "திருடன்!" என்று கூவினால் அது தேராது தெளிதல். முன்னவருக்கு நாலடி கிட்டே போனால் உண்மை விளங்கிவிடும். பின்னவரோ ஓட்டம் பிடித்துவிடுவார்; விளங்குவதற்கு வழி ஏது?

இந்தப் பழைய பாகுபாட்டினால் இன்று நமக்கு என்ன பயன் என்று நேயர்கள் கேட்கலாம். மத்திகிரி எல்லைப்புறத்து ஊர். இங்கே ஒரே வகுப்பில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையும், தெலுங்கு பேசும் பிள்ளையும், கன்னடம் பேசும் பிள்ளையும் அருகருகே அமர்ந்திருக்கின்றன. உபாத்தியாயர் கேள்வி கேட்கிறார். ஒரு குழந்தை வாய் திறவாமல் நிற்கிறது. அதன் உள்ளத்தில் இருப்பது தமிழின் "தெரியாது" என்பதா, தெலுங்கின் "தெலியது" என்பதா, கன்னடத்தின் "கொத்தில்ல" என்பதா? அல்லது விடை தெரிந்தும் சொல்லத் தமிழ் வரவில்லையா?

ளகரத்தை ழகரமாகக் கொண்ட பிள்ளைக்கு இருப்பது திரியக்கோடல். எழுத்தைத் திருத்தினால் போதும். பாடத்தைக் கடகடவென்று படித்தும் பொருள் உணராத பிள்ளைக்கு இருப்பது கண்டுணராமை. அதன் வீட்டுப் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னால் முகம் மலரும். இரண்டு விடைகளுக்கிடையே தடுமாறும் பிள்ளைக்கு இருப்பது ஐயம். சற்றே அவகாசம் கொடுத்தால் தானே தெளியும். நோய் வேறு, மருந்தும் வேறு.

இத்தனையையும் "மக்கு" என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோமே, அதற்கு அளவைவாதி என்ன பெயர் சூட்டுவான்? தேராது தெளிதல் என்றுதான்! அந்தக் குற்றம் குழந்தையுடையது அன்று.

ஆகவே, பெற்றோர்களே, அடுத்த முறை மார்க்குப் பட்டியல் வீட்டுக்கு வரும்போது, "ஏன் தெரியவில்லை?" என்று அதட்டுவதற்கு முன், "எந்த இடத்தில் தெரியவில்லை?" என்று குழந்தையை அருகில் அழைத்துக் கேளுங்கள்.