வட்டில் சிக்கிய கல்யாணங்கள்

பழைய டிவிடிக்களை கம்ப்யூட்டருக்கு மாற்ற அரை மணி நேரம் போதும் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். வேலை எங்கே நிற்கிறது, எப்படி நகர்த்துவது?

பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் கல்யாண ஆல்பத்தோடு சேர்ந்து வீட்டுக்கு வந்த பொருள் அது. முகூர்த்தத்துக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று என்று மணமக்கள் படம் போட்ட டப்பாவில் இரண்டு டிவிடிக்கள். பிளேயர் இப்போது பரணில். லேப்டாப்பில் டிரைவே கிடையாது. யுஎஸ்பி டிரைவ் ஒன்றை வாங்கி வந்து வட்டைப் போட்டால் கரகரவென்று சத்தம். பிறகு 'டிஸ்க் காலி' என்கிறது கம்ப்யூட்டர். பலர் அந்த இடத்திலேயே வட்டைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம்.

முதலில், எதை முதலில் எடுப்பது? அலமாரியில் அதிகம் இருப்பது சினிமா. 2007-ல் மோசர் பேயர் நிறுவனம் 34 ரூபாய்க்கு டிவிடி, 28 ரூபாய்க்கு விசிடி என்று இறங்கியபோது வாங்கிக் குவித்தவை. (அந்த நிறுவனத்தையே கலைக்க 2018-ல் உத்தரவாகிவிட்டது.) ஆனால் சினிமா வட்டுகள் காத்திருக்கும். தொழிற்சாலையில் பிளாஸ்டிக்கில் அச்சாகப் பதித்தவை அவை. ஸ்டுடியோவில் எழுதிய வட்டு வேறு ஜாதி. அதில் ஒரு சாய அடுக்கைத்தான் லேசர் சுட்டு எழுதியிருக்கிறது. வெயிலும் வெப்பமும் ஈரப்பதமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். நம் ஊர்களில் இந்த மூன்றுக்கும் பஞ்சமில்லை. தவிர, சினிமாவை எங்காவது மறுபடி வாங்கலாம். உங்கள் வீட்டுக் காதுகுத்தை எங்கே வாங்குவது?

'காலி' என்ற அறிவிப்புக்கு வழக்கமான காரணம் இரண்டு. ஒன்று, அந்த டிரைவுக்கு அந்த வட்டு பிடிக்கவில்லை. வேறு டிரைவில், முடிந்தால் பழைய டெஸ்க்டாப்பில், போட்டுப் பார்க்கலாம். மற்றது, டிவிடி கேமராவிலோ ரெக்கார்டரிலோ பதிவு செய்துவிட்டு 'ஃபைனலைஸ்' செய்யாமல் விட்டது. பதிவு உள்ளே இருக்கும், பொருளடக்கம் மட்டும் எழுதப்பட்டிருக்காது. பதிவு செய்த அதே கருவி இருந்தால் இப்போதும் ஃபைனலைஸ் செய்யலாம். கேமராவில் வந்த 8 செ.மீ. குட்டி வட்டைத் தட்டு இல்லாத, வாயால் உறிஞ்சும் வகை டிரைவில் போடாதீர்கள். திரும்பி வருவது கஷ்டம்.

பாதி வரை ஓடி நிற்கும் வட்டுதான் பெரிய தலைவலி. மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு போகும். டிரைவால் அதைச் சமாளிக்க முடியாது. யுஎஸ்பி டிரைவ் விட்டுவிட்டு நின்றால் மின்சாரம் போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். ஹப்பை எடுத்துவிட்டு நேராகக் கம்ப்யூட்டரில் செருகுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் 'டிடிரெஸ்க்யூ'. லினக்ஸில் ஓடும் இலவச நிரல். சாதாரண காப்பி முதல் பழுதிலேயே முட்டி நின்றுவிடும். இது பழுதைத் தாண்டிப் போய் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்கிறது. எது கிடைத்தது, எது பாக்கி என்று ஒரு குறிப்புக் கோப்பு எழுதிவைத்துக்கொண்டு பிறகு பழுதிடம் திரும்புகிறது. அந்தக் குறிப்போடு வட்டை இன்னொரு டிரைவுக்கு மாற்றினால், முதல் டிரைவ் கைவிட்ட பகுதியில் சில கிடைத்துவிடுவது உண்டு. ஓர் இரவு முழுக்க ஓடலாம். ஓடட்டும். நாலைந்து இடங்கள் போனால் படத்தில் ஒரு கணம் கட்டங்கள் சிதறும், அவ்வளவுதான்.

காப்பி ஆன பிறகும் தொல்லைகள் உண்டு. டிவிடி தன் படத்தை 1 ஜிபிக்கு மிகாத துண்டுகளாக வைத்திருக்கிறது. துண்டுகளை மட்டும் இழுத்துப் போட்டால் தாலி கட்டும் நேரத்தில் படம் அறுந்து நிற்கும். வட்டு முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்துவிடுவதே உத்தமம். விஎல்சி அதை அப்படியே ஓட்டும். 4.3 ஜிபி கோப்பு பென் டிரைவில் ஏற மறுத்தால் இடம் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு போகாது. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்தால் போகும். அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிவது பழைய டிவிக்காக எடுத்த படத்தின் குணம். ஹேண்ட்பிரேக் நிரலில் 'டீஇன்டர்லேஸ்' போட்டால் அடங்கும். அளவும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆனால் சுருக்கியதை வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை அழிப்பது புத்திசாலித்தனமல்ல.

விசிடி இன்னும் மோசம். அதில் நேரத்தைக் கூட்டுவதற்காகப் பிழை திருத்தும் தகவலைக் குறைத்துவிட்டார்கள். சின்னக் கீறலுக்கே மூச்சு நின்றுவிடும். அதை வரிசையில் முன்னால் வையுங்கள்.

சினிமா வட்டில் இருப்பது பழுதல்ல, பூட்டு. ஹேண்ட்பிரேக் அதைத் திறக்காது. பிழை காட்டும் அல்லது குழம்பிய படம் தரும். வெளிநாட்டு வட்டு என்றால் மண்டலச் சிக்கலும் சேரும். இந்தியா 5-வது மண்டலம். டிரைவின் மண்டலத்தை 5 முறைதான் மாற்றலாம். பூட்டைத் திறக்கும் நிரல் 1999-ல் வெளிவந்து, அதற்காக வழக்கைச் சந்தித்த நார்வே இளைஞர் யோன் லெக் யோஹான்சன் 2003-ல் விடுவிக்கப்பட்டார். இங்கே, 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65-ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது. சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை 52-வது பிரிவு விட்டுவைத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய படத்தை வீட்டில் ஒரு பிரதி எடுப்பவரைப் பற்றிச் சட்டம் பெயர் சொல்லி எதுவும் பேசவில்லை. அந்தப் பிரதியை ஊருக்கு விநியோகிப்பவரைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது.

கோப்பு தயாரானதும் முதல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். டிவிடியில் எழுத்து நடுவில் தொடங்கி விளிம்புக்குப் போகிறது. கை படுவதும் சேதமாவதும் பெரும்பாலும் விளிம்பில். எனவே கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். பந்தியும், பெண்ணை வழியனுப்பும் காட்சியும் அங்கேதான் இருக்கின்றன. அவை சரியாக ஓடினால் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் போட்டு, ஒன்றை இன்னொரு வீட்டில் கொடுத்துவையுங்கள். நூறு வட்டுகள் என்றாலும் 1 டெராபைட்டில் பாதி கூட நிறையாது.