எல்லாமே அண்ணா யுனிவர்சிட்டி தானா?

கவுன்சிலிங் சீசன் வந்தாலே நமக்கு ஒரு வேலை வந்துடும். பெரியப்பா பையனோ பக்கத்து வீட்டுப் பொண்ணோ போன் பண்ணி, "கட்-ஆஃப் 178. எந்த காலேஜ் போடலாம்?"னு கேட்பாங்க. நாமும் வாய்க்கு வந்ததைச் சொல்லிடுவோம். நாலு வருஷம் படிக்கப் போறது அவங்க. அதனால இந்தத் தடவை கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

முதல் குழப்பமே பெயர்தான். "எல்லாம் அண்ணா யுனிவர்சிட்டி தானே?" டிகிரியில் இருக்கும் பெயர் ஒன்றுதான், ஆனால் உள்ளே வேறு வேறு. 1978-ல் கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி நான்கும் சேர்ந்துதான் பல்கலைக்கழகம் உருவானது. இவை பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகள். அடுத்து திண்டுக்கல், நாகர்கோவில், விழுப்புரம் மாதிரி ஊர்களில் பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரிகள். மிச்சம் நூற்றுக்கணக்கில் இணைவு பெற்ற கல்லூரிகள். (சிதம்பரம் அண்ணாமலை இதில் எதிலும் சேராது. அது தனிப் பல்கலைக்கழகம், டிகிரியும் அதனுடையது. பெயரைப் பார்த்து ஏமாறும் ஆள் வருஷத்துக்கு ஒருத்தராவது மாட்டுறாங்க.)

இணைவு பெற்றவற்றிலும் தன்னாட்சிக் கல்லூரிகள் தனி. கோவை ஜி.சி.டி., பி.எஸ்.ஜி. டெக், மதுரை தியாகராஜர் எல்லாம் அந்த வகை. பாடத்திட்டம், கேள்வித்தாள், திருத்துவது எல்லாம் கல்லூரியே பார்த்துக்கும். தன்னாட்சி இல்லாத கல்லூரிக்குக் கேள்வித்தாள் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். உங்களுக்குப் பாடம் எடுத்தவருக்கே அதில் என்ன வரும்னு தெரியாது.

இதனால்தான் தேர்ச்சி சதவீதத்தை கவனமாகப் படிக்கணும். தன்னாட்சி இல்லாத கல்லூரிகளின் தேர்ச்சி விவரத்தைப் பல்கலைக்கழகமே வெளியிடும். ஒரே கேள்வித்தாள் என்பதால் அந்தக் கல்லூரிகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். தன்னாட்சிக் கல்லூரி தன் பேப்பரைத் தானே திருத்திப் போடும் சதவீதத்தை அதோடு ஒப்பிட முடியாது.

போஸ்டரில் "என்.பி.ஏ. அங்கீகாரம்"னு இருந்தா, எந்த பிராஞ்சுக்கு, எந்த வருஷம் வரைக்கும்னு கேளுங்க. அந்த அங்கீகாரம் கல்லூரிக்குக் கிடையாது, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியா, குறிப்பிட்ட காலத்துக்குத்தான் தருவாங்க.

கேம்பஸ் பெயருக்காக அழகப்பாவில் லெதரோ செராமிக்கோ, எம்.ஐ.டி.யில் ரப்பரோ எடுக்கலாமா? எடுக்கலாம். ஆனா மூணாவது வருஷ சிலபஸை டவுன்லோடு பண்ணி ஒரு தடவை படிச்சுட்டு எடுக்கணும். அதைப் படிக்கவே போர் அடிச்சா வேண்டாம் என்பது என் கருத்து.

இப்ப முக்கியமான விஷயம், சாய்ஸ் லிஸ்ட். சாஃப்ட்வேர் ரேங்க் வரிசைப்படி போகும். உங்க முறை வரும்போது லிஸ்ட்டை மேலிருந்து கீழே பார்த்து, உங்க பிரிவுக்கு இடம் காலியா இருக்கும் முதல் சாய்ஸைக் கொடுக்கும். அவ்வளவுதான். கிடைக்காத காலேஜை மேலே போட்டால் எந்த நஷ்டமும் இல்லை, சாஃப்ட்வேர் அதைத் தாண்டி அடுத்ததுக்குப் போயிடும்.

எனக்கு இதை யாரும் சொல்லலை. ஆசைப்பட்டதைப் போட்டு வீணாக்க வேண்டாம்னு, "கண்டிப்பா கிடைக்கும்"னு தோணினதை முதலில் வெச்சேன். அதுவே கிடைச்சது. அப்புறம் பார்த்தா, நான் நாலாவதாகப் போட்டிருந்த காலேஜ், அதே பிராஞ்ச், அதே பிரிவு, என் ரேங்க்குக்குப் பின்னாடி இருந்த பையனுக்குக் கிடைச்சிருக்கு. அப்வர்ட் கொடுக்கவும் வழியில்லை, அது லிஸ்ட்டில் மேலே இருப்பதை மட்டும்தான் பார்க்கும். என்னுடையதில் மேலே ஒன்றுமே இல்லையே! (இந்த காலேஜ் மேல கோபமெல்லாம் இல்லைங்க. இருந்தா இந்த இதழில் எழுதுவேனா?)

அதனால, போன் பண்ற தம்பி தங்கச்சிகிட்ட லாக் பண்றதுக்கு முந்தின நாள் ராத்திரி லிஸ்ட்டை அனுப்பச் சொல்லுங்க. மேலிருந்து ரெண்டு ரெண்டு வரியா எடுத்து, "இந்த ரெண்டும் கையில இருந்தா எதுல சேருவ?"னு கேளுங்க. கீழே இருக்கிறதைச் சொன்னா, அப்பவே இடம் மாத்தச் சொல்லுங்க.