ஏரிக்கரை எங்கே உடையும்?

ஊர்ல ஏரிக்கரை மேல பைக் ஓட்டிருப்பீங்க. அது ரோடு இல்ல பாஸ், ஒரு டேம். சிமென்ட் கிடையாது, கம்பி கிடையாது, வெறும் மண். தமிழ்நாட்டில் இப்படி சுமார் 39,000 ஏரிகள் இருக்கு. மதுரைப் பக்கம் கண்மாய்னு சொல்லுவாங்க.

மண் எப்படித் தண்ணியைத் தாங்குது? அகலமான அடிப்பாகம், அதோட எடை, அப்புறம் இறுக்கம். சாயில் லேப்ல முணுமுணுத்துக்கிட்டே ப்ராக்டர் டெஸ்ட் பண்றோமே, 1933-இல் ப்ராக்டர் அதை வெளியிட்டதே மண் அணை கட்டுற வேலைக்காகத்தான். காய்ஞ்ச மண்ணும் சரியா இறுகாது, சேறும் இறுகாது. நடுவுல ஒரு ஈரப்பதம் இருக்கு, அதுலதான் நல்லா இறுகும்.

கரைக்கு உள்ளே இருந்தும் ஆபத்து வரும். எலி வளை, செத்த மரத்தோட வேர், மதகை ஒட்டின விரிசல் வழியா தண்ணி கசியும். கசிவு கலங்கலா வந்தா உள்ளே மண் அரிக்குதுன்னு அர்த்தம். உடனே ஆளைக் கூப்பிடணும்.

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது கலுங்கு பத்தி. செமஸ்டர்ல ஸ்பில்வேனு ரெண்டு மார்க்குக்கு எழுதுவோமே, அதேதான். கரையை விடத் தாழ்வா, கல்லால கட்டின பகுதி. ஏரி நிறைஞ்சதும் மிச்சத் தண்ணி அது வழியா மறுகால் பாய்ஞ்சு அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைஞ்சா அதுக்கு அடுத்தது.

கோடையில தண்ணி பத்தாதுன்னு சில ஊர்ல கலுங்கு மேல மணல் மூட்டை அடுக்கி ஒரு அடி உயர்த்துவாங்க. ஆசை நியாயமானதுதான். ஆனா அந்த ஒரு அடி, வெள்ளத்துக்குன்னு கரையில விட்டு வெச்ச இடம். ஒரே ராத்திரி பெருமழை பெய்தா தண்ணி கரை மேல வழியும். கான்கிரீட் அணை அதைத் தாங்கக்கூடும். மண் கரையில வெளிச்சரிவு அரிச்சு, சின்ன உடைப்பு தானாவே பெருசாகும். மொத்தத் தண்ணியும் கீழ் ஏரிக்குப் பாயும். அந்தக் கலுங்கு இவ்வளவு வேகத்துக்குக் கட்டினது இல்ல, அதனால அதுவும் உடையலாம்.

தண்ணி அதிகம் வேணும்னா தூர்வாரணும், கலுங்கை உயர்த்தக் கூடாது. தூர்வாரும்போதும் கரையோட அடியை ஒட்டித் தோண்டினா கரையே சரியும். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர் கல்வெட்டில் ஏரி வாரியம்னு தனிக் குழுவே இருக்கு. கரை கட்டினதோட வேலை முடியாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

ஐப்பசி மழைக்கு முன்னாடி ஊருக்குப் போனா கலுங்குகிட்ட போய்ப் பாருங்க. மேல மூட்டை இருக்கா, கீழ மறுகால் ஓடையில யாராவது பிளாட் போட்டிருக்காங்களான்னு.