உடலசைவு யாருக்குச் சொந்தம்?

பணி ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரி ஆண்டு விழாவுக்கான கலைநிகழ்ச்சிகளைத் தேர்வு செய்யும் குழுவில் நானும் இருந்தேன். சிவகாசிக்கு அருகிலுள்ள சிற்றூரைச் சேர்ந்த மாணவி ஒருவர், தோழியர் நால்வருடன் வந்து ஒரு நடனத்தை ஆடிக் காட்டினார். பாடல் இல்லை, ஒப்பனை இல்லை. தரையில் அமர்ந்து, தீப்பெட்டி ஆலையில் கட்டை அடுக்கும் கைகளையும், சரவெடி பின்னும் விரல்களையும் தாளத்துக்கு ஏற்ப அசைத்தனர். மெல்ல மெல்ல வேகம் கூடியது. முதுகுகள் குனிந்துகொண்டே போயின.

'இது வேலையம்மா, நடனமில்லை' என்று சொல்லி அதை நீக்கியவன் நான்தான். 'எங்கம்மா செய்யிறதுதான் சார்' என்று மட்டும் கூறிவிட்டு அவர் சென்றுவிட்டார்.

ஓய்வுக்குப் பிறகு நடனக் கலைஞர் சந்திரலேகாவைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோதுதான் அன்று நான் செய்த பிழை விளங்கியது.

1928-இல் மகாராஷ்டிரத்தில் பிறந்து, சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் பயின்றவர் சந்திரலேகா. 1952-இல் நடைபெற்ற அவரது அரங்கேற்றம் ராயலசீமை வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியாக அமைந்தது. யமுனையின் நீர்வளத்தை அபிநயித்துக் கொண்டிருந்த வேளையில், வறட்சியில் வெடித்த நிலத்தின் படங்கள் அவர் நினைவில் எழுந்தன. கைகள் நீரைக் காட்டுகின்றன. நிலத்தில் நீர் இல்லை. இந்த முரண்பாடு அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. வானம் பார்த்த பூமியில் வாழும் விருதுநகர் மாவட்டத்தாருக்கு அந்தத் தவிப்பை விளக்க வேண்டியதில்லை.

பின்னர் நெடுங்காலம் பெரும்பாலும் மேடையிலிருந்து விலகி நின்று, எழுத்து, சுவரொட்டி, பெண்ணுரிமை இயக்கம் எனப் பணியாற்றிய அவர், 1985-இல் 'அங்கிகா' என்னும் படைப்புடன் திரும்பினார். பரதம், களரிப்பயிற்று, யோகம் ஆகிய மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதும், அந்த வேர் மனித உடல் என்பதும் அவரது கருத்து.

அவருடைய அணுகுமுறையை மூன்று கூறுகளாகப் புரிந்துகொள்ளலாம். முதலாவது, நீக்கல். புராணக் கதை, கனத்த நகைகள், முகபாவங்களின் மிகை ஆகியவற்றை விலக்கினார். இரண்டாவது, முதுகுத்தண்டு. அரைமண்டியை அழகிய நிலையாக மட்டும் அவர் காணவில்லை. உடலை மையமாகக் கொண்டு வெளியை அளக்கும் வடிவியலாகக் கண்டார். பாஸ்கராசாரியரின் 12-ஆம் நூற்றாண்டுக் கணித நூலான 'லீலாவதி'யையே 1989-இல் நடனமாக்கியவர் அவர். மூன்றாவது, நிதானம். 2001-இல் உருவான 'சரீரா'வில் உடல்கள் மிக மிக மெதுவாக நகர்கின்றன. விரைவு மறைத்துவிடும் உழைப்பை நிதானம் காட்டிக்கொடுக்கிறது.

1991-இல் அவர் படைத்த 'ஸ்ரீ'யில், முதுகு வளைந்த பெண்கள் மேடையைக் கடந்து நடக்கிறார்கள். நூற்றாண்டுகளின் அடக்குமுறை உடலில் எங்கே தங்குகிறது என்பதற்கு அவர் தந்த விடை அந்த வளைவு. நான் நீக்கிய நடனத்திலும் அந்த வளைவு இருந்தது. எனக்குத்தான் அது தெரியவில்லை.

பொருளியல் மாணவனுக்கு உடலசைவு புதிய பொருளன்று. அமெரிக்காவில் டெய்லர், தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளந்து, குறைந்த நேரத்தில் கூடுதல் உற்பத்தி பெறும் வழியைத் தேடினார். ஜெர்மனியிலிருந்து வெளியேறி இங்கிலாந்தில் குடியேறிய நடன அறிஞர் ருடால்ஃப் லாபான், போர்க்காலத்தில் அங்குள்ள தொழிற்சாலைகளில் பணியாற்றிய பெண்களின் அசைவுகளை ஆராய்ந்தார். அந்த ஆய்வின் பயனாக, லாரன்ஸ் என்பவருடன் இணைந்து 1947-இல் ஒரு நூலும் வெளியிட்டார். டெய்லர் நேரத்தை அளந்தார் என்றால், லாபான் அசைவின் எடையையும் ஓட்டத்தையும் கவனித்தார். ஆயினும் இருவரின் ஆய்வும் உற்பத்தியையே நோக்கியது. அசைபவருக்கு அந்த அசைவு என்ன செய்கிறது என்று கேட்டவர் சந்திரலேகா.

சிவகாசிப் பகுதியில் இக்கேள்வி உயிர் சார்ந்தது. பட்டாசுத் தொழிலில் பல பணிகளுக்கு எண்ணிக்கைப்படியே கூலி. கை எவ்வளவு விரைகிறதோ அவ்வளவு வருமானம். ஆனால், மருந்து கலக்கும் இடத்தில் விரைவே பகை. உராய்வைத் தவிர்க்க வேண்டும், ஓர் அறையில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் இருக்கக் கூடாது, பருத்தி ஆடையே அணிய வேண்டும் என்று பாதுகாப்பு விதிகள் வலியுறுத்துவதன் சாரம் நிதானம்தான். கூலி முறை 'விரைந்து செய்' என்கிறது. விதி 'மெல்லச் செய்' என்கிறது. வீட்டில் அடுப்பெரிய வேண்டிய தொழிலாளி எந்தக் குரலுக்குச் செவிசாய்ப்பார்? 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரும் விபத்துகள் நின்றபாடில்லை. விபத்துக்குக் காரணங்கள் பல. ஆனால், ஒவ்வொரு முறையும் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று முடித்துவிடுவது, கையின் வேகத்தைத் தீர்மானித்தது யார் என்ற கேள்வியை மறைத்துவிடுகிறது.

எனவே, மருந்து கலத்தல், செலுத்துதல் போன்ற ஆபத்தான பணிகளிலாவது எண்ணிக்கைக் கூலியைக் கைவிட்டு, நாள் கூலியை உறுதி செய்ய வேண்டும். அதனால் உற்பத்திச் செலவு கூடும் என்பது உண்மை. அந்தச் சிறு கூடுதலைத் தீபாவளிக்குப் பட்டாசு வாங்கும் நாம் ஏற்பதே நியாயம். இப்போது அந்த விலையைத் தொழிலாளியின் உடல் செலுத்திக் கொண்டிருக்கிறது.

2006 டிசம்பரில் சந்திரலேகா மறைந்தார். மேடை அவருக்கு அலங்காரக் கூடமாக இருக்கவில்லை. உடல் தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும் இடமாக இருந்தது. கந்தக பூமியின் கல்லூரிகளில் அப்படி ஒரு மேடையைக் கேட்டு ஒரு மாணவி வந்தார். நான் மறுத்தேன். இன்று தேர்வுக் குழுக்களில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: அப்படி யாரேனும் வந்தால், இறுதிவரை பாருங்கள்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).